காற்று பார்க்கும் கன்னம்

நாகமுத்துவின் இடது கன்னத்தை யாரும் தொட்டு இரண்டு வருடமாகிவிட்டது. அவனே தொடுவதில்லை. சவரக் கத்தியும் அந்தப் பக்கம் போவதில்லை. அதனால் வலது பாதி முகம் மாப்பிள்ளை போலவும், இடது பாதி சாமியார் போலவும் இருந்தது.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு காலத்தில் அவன் சத்தம்தான் பெரிய சத்தம். அவன் படகு கரைக்கு வருவதற்கு முன்பே பேச்சு வந்துவிடும். அப்படிப்பட்டவனை மௌனசாமி ஆக்கிவிட்டது ஒரு வலி. கன்னத்துக்குள் கரண்டுக் கம்பியைச் செருகி எடுப்பது போல வரும். பத்து எண்ணுவதற்குள் போய்விடும். ஆனால் அதை வரவழைக்க ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஒரு வாய் சோறு மென்றால் போதும், முகத்தில் தண்ணீர் பட்டால் போதும், நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் போதும். எல்லாவற்றையும்விட, காற்று பட்டால் போதும். ஏரிக்கரையில் குடியிருக்கிறவன் காற்றுக்குப் பயந்து எங்கே போய் ஒளிவது? தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

அவன் மனைவி சம்பூர்ணம் சும்மா இருக்கவில்லை. முதலில் பல்வலி என்று நினைத்துப் பொன்னேரிக்கு அழைத்துப் போனாள். பல் பிடுங்குகிறவர் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தார். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று அதையும் எடுத்தார். மூன்றாவதையும் எடுத்துவிட்டு, "நாலாவதையும் பாத்துடலாமா?" என்று அவர் கேட்டபோது நாகமுத்து நாற்காலியிலிருந்து எழுந்து ஓட்டமாக வெளியே வந்துவிட்டான். பிடுங்கிய மூன்றுமே சொத்தை இல்லாத நல்ல பற்கள். சம்பூர்ணம் அவற்றைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

பிறகு ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் கேட்டது. பிறகு ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, குடிக்காமலே தள்ளாட ஆரம்பித்தான். ஒரு நாள் நின்றுகொண்டிருந்த படகிலிருந்தே ஏரியில் விழுந்தான். அத்தோடு மாத்திரையைக் குறைத்தார்கள். வலி திரும்பி வந்தது.

இதோ, பங்குனி பிறந்துவிட்டது. பாடு சீட்டுக்கு இன்னும் பதினைந்து நாள்தான்.

பாடு என்பது ஏரியில் வலை கட்டுகிற முறை. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதை வருடத்துக்கு ஒருமுறை குப்பத்தில் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சீட்டில் பேர் இருப்பவன் தன் கையால் சுக்கான் பிடித்துத் தொழிலுக்குப் போகிறவனாக இருக்க வேண்டும். அது அந்தக் குப்பத்துக் கட்டுப்பாடு. இரண்டு வருடமாக நாகமுத்துவின் பேரில் சம்பூர்ணத்தின் தம்பி வீரராகவன் போய்க்கொண்டிருந்தான்.

குப்பத்துத் தலைவர், பெரியதனக்காரர் செங்கல்வராயன் ஒரு நாள் காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இந்தாம்மா சம்பூர்ணம். ரெண்டு வருசமா நாங்க கண்ண மூடிக்கினு இருந்தோம். இந்த வருசம் மத்தவங்க கேக்கறாங்க. இவன் படகு ஓட்டினா பேரு உண்டு. இல்லாங்காட்டி எடுத்துட வேண்டியதுதான். எனக்கு இன்னா, ஆசையா?"

நாகமுத்து துண்டுக்குள்ளிருந்து கையை நீட்டி இரண்டு விரலை ஆட்டினான், நெஞ்சைத் தொட்டான், ஏரியைக் காட்டினான், பிறகு கையை விரித்தான்.

"இன்னாம்மா சொல்றான்?" என்றார் செங்கல்வராயன்.

"மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன்றாரு. நாளைக்கே போறாராம். வந்து படகு ஓட்டிக் காட்டுறாராம்" என்றாள் சம்பூர்ணம்.

நாகமுத்து அப்படி எதுவும் காட்டவில்லை. அவளை முறைத்தான். மறுத்துப் பேச வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். திறக்காமல் விட்டான். மறுநாள் காலை இருவரும் பஸ்ஸில் இருந்தார்கள்.

*

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயராஜ் வலிக்கு ஊசி போடுவதற்கென்றே வாரத்தில் இரண்டு நாள் உட்காருகிறவர். ஒல்லியான மனிதர், நிதானமான பேச்சு. கன்னத்தைத் தொடாமலே ஐந்து நிமிடம் கேள்வி கேட்டார். நாகமுத்து தலையாட்டினான், மீதியைச் சம்பூர்ணம் சொன்னாள். கடைசியில் காகிதத்தைப் பிரித்து மூன்று பற்களையும் மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் அவற்றைச் சிறிது நேரம் பார்த்தார். "பாவம், இதுங்க ஒரு தப்பும் பண்ணலையே!" என்றார். "பல்லுல ஒண்ணும் இல்லைம்மா. காதுக்கு முன்னால இருந்து முகத்துக்கு மூணு கிளையா நரம்பு வருது. அதுல நடுக் கிளை கோளாறு பண்ணுது. தொட்டாலே வலின்னு தப்பாச் சேதி அனுப்புது."

"அதுக்கு வழி கீதுங்களா?"

"மூணு வழி இருக்கு. ஒண்ணு மாத்திரை. அதைப் பார்த்துட்டீங்க. இன்னொண்ணு, காதுக்கு மேல பொட்டுக்கிட்ட எலும்பைத் திறந்து நரம்பையே வெட்டறது. பெரிய ஆப்பரேஷன். நடுவுல ஒண்ணு இருக்கு. மெல்லிசா, நீளமா ஒரு ஊசி. அதைக் கன்னம் வழியா அந்த நரம்புக்கிட்டக் கொண்டுபோய், சுத்தமான ஆல்கஹால் கொஞ்சூண்டு விட்டா நரம்பு மரத்துப் போயிடும். ஒரு வருஷம், சில பேருக்கு ரெண்டு வருஷம்கூட வலி இருக்காது. திரும்பி வந்தா திரும்பவும் போடலாம்."

"ஆல்கஹால்னா… சாராயங்களா?"

"அதுக்கு அண்ணன் முறைம்மா."

சம்பூர்ணத்துக்கு அப்போதே பாதி பாரம் இறங்கிவிட்டது. "போடுங்க டாக்டர், இப்பவே போடுங்க" என்றாள்.

"முழுக்கக் கேளுங்க. வலி போகும்போது உணர்ச்சியும் போயிடும். இடது கன்னம், மேல் உதடு, மூக்கோரம் எல்லாம் கட்டை மாதிரி இருக்கும். தொட்டா தெரியாது. சூடு தெரியாது. காத்து பட்டாலும் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தையில் நாகமுத்து நிமிர்ந்தான். கையால் வேண்டாம் என்று காட்டினான். இருமுறை, அழுத்தமாக.

"ஊசின்னா பயப்படுறாரு" என்று சம்பூர்ணம் மொழிபெயர்த்தாள்.

அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. துண்டை விலக்கி, உதட்டை அசைக்காமல், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைப்பது போலப் பேசினான்.

"பயம் இல்ல. நான் காத்து பாக்கறது… இந்தக் கன்னத்தாலதான்."

அதற்குள் வலி வெட்டியது. கண்களை மூடி, மேஜையைப் பிடித்துக்கொண்டு, பத்து எண்ணும் வரை இருந்தான்.

சம்பூர்ணம் அவன் பக்கம் திரும்பினாள். பதினேழு வருடம் குடித்தனம் நடத்தியவள். இது அவளுக்குத் தெரியாது. ஆனால் சொன்னதும் எல்லாம் கண்முன் வந்தது. விடிவதற்கு முந்திய இருட்டில் படகில் பாய் விரிப்பான். இரண்டு கையும் கண்ணும் வேலையில் இருக்கும். முகத்தை மட்டும் இடதுபக்கமாகத் திருப்பிக்கொண்டு ஒரு கணம் நிற்பான். சாமி கும்பிடுகிறான் என்றல்லவா அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்!

டாக்டர் கேட்டார்: "வேற இடத்தால தெரியாதா? காது, கழுத்து, கை?"

நாகமுத்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "டாக்டரே… நீங்க நாடிய… முழங்கையால புடிச்சுப் பாப்பீங்களா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் கிரேஸ் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரும் சிரித்தார்.

"நியாயமான கேள்வி. அப்போ இப்படிச் செய்வோம். நிரந்தர ஊசிக்கு முந்தி நாங்க ஒரு ஒத்திகை ஊசி போடுவோம். அது ரெண்டு மணி நேரம்தான் நிக்கும். அந்த ரெண்டு மணி நேரமும் கன்னம் மரத்துப் போனா வாழ்க்கை எப்படி இருக்கும்னு நீங்களே பார்த்துக்கலாம். வெளியே போங்க, சாப்பிடுங்க, நடங்க. திரும்பி வந்து வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வேண்டாம்னா பஸ் ஏறிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

*

ஊசி போட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கிரேஸ் காபி கொண்டுவந்தாள். "ஆறட்டும், சூடு தெரியாது உங்களுக்கு" என்று எச்சரித்தாள். நாகமுத்து ஒரு வாய் குடித்தான். இடது உதட்டோரமாகக் காபி வழிந்தது; அவனுக்குத் தெரியவில்லை. சம்பூர்ணம் பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகுதான் தான் எங்கே கை வைத்தோம் என்று உணர்ந்து, சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

இருவரும் காத்திருந்தார்கள். வலி வரவில்லை.

நாகமுத்து தன் கன்னத்தை விரலால் தொட்டான். தட்டினான். பிறகு ஓங்கி ஒரு அறை அறைந்துகொண்டான். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சம்பூர்ணம்" என்றான். "ரெண்டு வருசமா நீ வெக்கற கொழம்புல உப்பே இல்ல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "வாய் தொறந்ததும் இதான் வந்துச்சா மாமா உனக்கு?"

"வரிசையா வருது, இரு. உன் தம்பி வலையக் காய வைக்கவே மாட்டேன்றான், நாறிக்கினு கீது. அப்புறம், போன தீபாவளிக்கு ஒரு பச்சப் பொடவ கட்டினியே, அதுல நீ சோக்கா இருந்தே. அத வெரலால எப்பிடிக் காட்டறதுன்னு தெரில. அப்புறம் அந்தப் பெரியதனக்காரு…"

"நடந்துக்கினே பேசு மாமா, ரெண்டு மணி நேரந்தான்!"

அவன் பேச்சு நிற்கவில்லை. ரிக்‌ஷாக்காரரிடம் பேசினான், போலீஸ்காரரிடம் வழி கேட்டான், வழி தெரிந்த பிறகும் இன்னொருவரிடம் கேட்டான். ஒரு கடையில் நாலு இட்லியும் வடையும் தின்றான். வலதுபக்கமாக மெல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஆடு போல மென்றான். பேச்சு கொஞ்சம் குழறியது. அதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. சர்வரிடம் சட்னியைப் பற்றி ஐந்து நிமிடம் விசாரித்தான். "இன்னா சார், சட்னிக்கு இன்டர்வியூ எடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான் சர்வர்.

சாப்பிட்டு வெளியே வந்ததும் அவன்தான் சொன்னான். "கடற்கரைக்குப் போலாம் வா."

அவள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

வெயில் சுள்ளென்று இருந்தாலும் கடற்காற்று அப்போதுதான் கிளம்பியிருந்தது. மணலில் இறங்கியதும் நாகமுத்து பேச்சை நிறுத்தினான். துண்டை அவளிடம் கொடுத்தான்.

"கண்ணக் கட்டு. ரெண்டு சுத்து சுத்தி வுடு. காத்து எந்தப் பக்கம்னு சொல்றேன்."

"அலச் சத்தம் காட்டிக் குடுத்துடுமே?"

"காதையும் சேத்துக் கட்டு."

அவள் கட்டினாள். தோளைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினாள். அவன் தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஒரு இடத்தில் நின்றான், இடது கையை நீட்டினான்.

காற்று அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

"இல்ல மாமா" என்றாள் மெல்ல.

"இன்னொரு தபா சுத்து."

இரண்டாவது முறையும் தப்பு. மூன்றாவது முறையும் தப்பு. சுண்டல் விற்கிற மணியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். "இன்னா கண்ணு, உங்க ஊட்டுக்காரரு கண்ணாமூச்சி ஆடறாரா?" என்று கேட்டாள்.

நாகமுத்து துண்டை அவிழ்த்து மணலில் போட்டான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்த மனிதன் எங்கோ போய்விட்டான்.

"பாத்துட்டே இல்ல? வேணாம் சம்பூர்ணம். பஸ் ஏறலாம். வலி வந்தா பத்து எண்ணினா போயிடும். காத்து போச்சுன்னா நான் படகுல இன்னா பண்ணுவேன்? சொம்மா ஒக்காந்துக்கினு வருவேனா, மூட்ட மாதிரி?"

சம்பூர்ணம் யோசித்தாள். வற்புறுத்தி ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள்வான். அவள் சொல்லுக்காகச் செய்வான். ஆனால் அப்புறம் ஏரிக்குப் போகமாட்டான். வேண்டாம் என்று ஊருக்கு அழைத்துப் போனாலும் ஏரிக்குப் போகப் போவதில்லை. இரண்டு வழியிலும் சீட்டில் பேர் இல்லை. மணலில் அவன் கால் சுற்றிய தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று முறை நின்ற இடம், மூன்று முறை கை நீட்டிய திசை.

"மாமா, எழுந்திரு" என்றாள் திடீரென்று.

"வுடு மே."

"எழுந்திருன்றேன்! நீ தப்பா சொன்னா கண்டபடியில்ல தப்பா சொல்லியிருக்கணும்? ஒரு தபா தெக்கே, ஒரு தபா மேக்கேன்னு? மூணு தபாவும் நேர் எதிர்ப்பக்கம் காட்டினே. ஒரு சாண்கூடத் தப்பல."

"அதான் நானும் பாத்தேன்" என்றாள் மணியம்மாள், தன்னைக் கேட்காமலே. "கோடு கிழிச்ச மாதிரி எதிர்ப்பக்கம்!"

நாகமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நின்னது சரியாத்தான் நின்னே" என்றாள் சம்பூர்ணம். "காத்து உன் வலது கன்னத்துல நேரா அடிக்கிற மாதிரிதான் மூணு தபாவும் நின்னே. அப்ப அந்தக் கன்னத்துக்கும் தெரிஞ்சுதான கீது? உன் கைதான் பழக்கத்துல இடப்பக்கம் போவுது."

அவன் தன் இடது கையைத் திருடனைப் பிடித்தது போலப் பார்த்தான்.

அவள் துண்டை உதறி மறுபடி கட்டினாள். இந்த முறை அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துத் தன் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்படியே சுற்றிவிட்டாள். இருவருமாகச் சேர்ந்து சுற்றியதில் அவள்தான் தடுமாறினாள். அவன் நின்றான், தலையைத் திருப்பினான். இடது கை அவள் பிடிக்குள் துடித்தது, அவள் விடவில்லை. வலது கை தயங்கித் தயங்கி எழுந்தது.

"சரி!" என்று கத்தினாள் மணியம்மாள்.

"இன்னொரு தபா" என்றான் நாகமுத்து.

சரி. மறுபடி சரி. அடுத்த முறை தப்பினான், அதற்கடுத்த முறை திருத்திக்கொண்டான். அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் இருவர் கைதட்டினார்கள். கடைசி முறை சம்பூர்ணம் அவன் கையை விட்டுவிட்டாள். அவன் இடது கை அசையவில்லை.

"வலது கன்னம் புது ஆளு" என்றான் துண்டை அவிழ்த்துக்கொண்டே. "வேலை கத்துக்கக் கொஞ்ச நாளாவும். ஆனா ஆளு மோசமில்ல."

*

ஆஸ்பத்திரிப் படி ஏறும்போதே மரத்த கன்னத்தில் ஊசி முனை போல ஒரு குத்தல் தொடங்கிவிட்டது. வாசல் காற்று பட்டதும் பழைய வலி முழுசாக வெட்டியது. நாகமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு நேரே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"குத்துங்க" என்றான். ஒரே வார்த்தை.

டாக்டர் சம்பூர்ணத்தைப் பார்த்தார். "இது அவர் சொன்னதா, நீங்க மொழிபெயர்த்ததா?"

"அவரு சொந்தமா சொன்னது டாக்டர்!"

ஆல்கஹால் உள்ளே போனபோது கன்னம் தீப்பிடித்தது போல எரிந்தது. நாகமுத்து கிரேஸின் கையைப் பிடித்த பிடியில் அவள் வளையல் வளைந்துபோனது. அரை நிமிடம்தான். பிறகு எரிச்சல் அடங்கி, அந்த இடமே இல்லாதது போல ஆயிற்று.

"இதோட சரியான்னு கேக்காதீங்க" என்றார் டாக்டர். "ஒரு வருஷமோ, கூடவோ, மறுபடி தலைகாட்டலாம். அப்போ பல்லைப் பிடுங்கிக்காம நேரா இங்கே வாங்க. மெல்றது வலது பக்கம். சூடா எதைக் குடிச்சாலும் ஊதிக் குடிங்க. சவரம் பண்ணும்போது கண்ணாடி பார்த்துப் பண்ணுங்க, வெட்டினாலும் தெரியாது."

"வெட்டினா இவ சொல்லுவா டாக்டர்" என்றான் நாகமுத்து. "என்கிட்ட எது தப்புன்னாலும் இவ சொல்லிடுவா."

*

சீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் செங்கல்வராயன் கரையில் வந்து நின்றார். கூடவே பாதிக் குப்பமும் நின்றது. இரண்டு பக்கமும் மழித்த முகத்தோடு நாகமுத்து படகின் பின்பக்கம் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தான். வீரராகவன் பாய்க் கயிற்றைப் பிடித்தான்.

"மாமா, தெக்கத்திக் காத்து" என்றான் வீரராகவன் உதவியாக.

"நீ சொல்லாதே. என் வேலை அது."

படகு கரையை விட்டு நன்றாகவே கிளம்பியது. திரும்புகிற இடத்தில் நாகமுத்து முகத்தை இடதுபக்கம் திருப்பினான். பழைய கன்னத்தைத் திருப்புகிறான் என்று கரையில் நின்ற சம்பூர்ணத்துக்குத் தெரிந்துவிட்டது. படகு தவறான பக்கம் சாய்ந்து, நேராகச் சேற்றுத் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. குப்பம் சிரித்தது. யாரோ, "ஏரிய வுட்டுட்டு ஊட்டுக்கே படகு வுடறாரு போல!" என்றார்கள்.

செங்கல்வராயன் மட்டும் சிரிக்கவில்லை. சம்பூர்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இருங்க பெரியவரே" என்றாள் அவள். "இப்பத் திருப்புவாரு பாருங்க."

சேற்றில் இறங்கி இருவரும் படகைத் தள்ளினார்கள். நாகமுத்து மறுபடி ஏறினான். ஏறியவன் இடது கையை எடுத்துத் தொடைக்குக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். முகம் மெல்ல வலதுபக்கம் திரும்பியது. ஒரு கணம் அப்படியே இருந்தான்.

"வுடு பாய!" என்று அவன் போட்ட சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

பாய் புடைத்தது. படகு திட்டைச் சுற்றி வளைந்து, ஆழத்தைப் பிடித்து, கம்பி இழுத்தது போல நேராகப் போயிற்று. தூரத்தில் நட்டிருந்த கழியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்போது வீரராகவன் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தான்; நாகமுத்து வலை எப்படிக் காய வைக்க வேண்டும் என்று அவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வார்த்தையும் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது.

செங்கல்வராயன் காதைக் குடைந்துகொண்டார். "பேரு போட்டுக்கறேம்மா" என்றார். "ஆனா ரெண்டு வருசம் இந்தக் குப்பம் எவ்ளோ நிம்மதியா இருந்துச்சுன்னு இப்பதான் தெரியுது."

சம்பூர்ணம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடிக்கப் போனாள்.